செகண்ட் ஹேண்ட் எலக்ட்ரிக் கார் வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பேட்டரியையும் வாரண்டியையும் இப்படிப் பாருங்க!

பழைய பெட்ரோல் கார் வாங்கப் போனால் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் செல்வோம். அவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்பார், புகையைப் பார்ப்பார், ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார். அரை மணி நேரத்தில் வண்டியின் கதை தெரிந்துவிடும். எலக்ட்ரிக் காரில் இது எதுவுமே நடக்காது. சத்தம் கிடையாது, புகை கிடையாது. காரின் விலையில் பெரும் பங்கு வகிக்கும் பேட்டரியோ, அடித்தளத்துக்குக் கீழே சீல் செய்த பெட்டிக்குள் இருக்கிறது.

2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் இவி, எம்ஜி இசட்எஸ் இவி என இரண்டு கார்கள் அடுத்தடுத்து அறிமுகமாகின. அந்தக் காலகட்டத்தில் விற்ற கார்கள்தான் இப்போது பழைய கார் சந்தைக்கு வருகின்றன. நெல்லை, தூத்துக்குடி பக்கமும் பச்சை நம்பர் பிளேட் கார்களை விலைக்குக் கேட்பவர்கள் உண்டு. "பக்கா கண்டிஷன் அண்ணாச்சி" என்று விற்பவர் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது? இதோ முழு விவரம்.

பேட்டரி ஆரோக்கியம்னா என்ன?

மீட்டரில் தெரியும் சார்ஜ் சதவீதம் வேறு, பேட்டரியின் ஆரோக்கியம் வேறு. பலரும் குழம்புவது இங்குதான். ஒரு குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது சார்ஜ். குடமே எவ்வளவு பெரியது என்பது ஆரோக்கியம். வருஷம் போகப் போக குடம் சுருங்கும். சுருங்கிய குடத்தை நிரப்பினாலும் மீட்டர் 100% என்றுதான் காட்டும்.

புதிதில் இருந்த கொள்ளளவில் இப்போது எத்தனை சதவீதம் மிச்சம் என்பதை 'எஸ்.ஓ.எச்' என்கிறார்கள். நெக்ஸான் இவியின் முதல் மாடலில் பேட்டரி 30.2 கிலோவாட் ஹவர், அதாவது சுமார் 30 யூனிட். எஸ்.ஓ.எச் 85% என்றால், இப்போது அதில் சுமார் 25.7 யூனிட்தான் கொள்ளும்.

எவ்வளவு குறைந்தால் இயல்பு? கனடாவின் ஜியோடாப் நிறுவனம் 10,000 மின்வாகனங்களின் தரவை வைத்து 2024ல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்குச் சராசரியாக 1.8% குறைவதாகத் தெரியவந்தது. அப்படிப் பார்த்தால் 5 வருட காரில் 9% குறைவது சராசரிதான். 80%க்குக் கீழே என்றால் காரணம் கேட்கணும், விலையும் குறையணும்.

நெல்லை வெயிலில் பேட்டரி தாங்குமா?

வெப்பம் பேட்டரிக்கு எதிரி. இதற்குப் பிரபலமான உதாரணம் அமெரிக்காவின் அரிசோனா. காற்றால் மட்டுமே குளிரும் பேட்டரி கொண்ட நிசான் லீஃப் கார்கள், அங்குள்ள வெயிலில் வேகமாகக் கொள்ளளவை இழப்பதாக 2012ல் உரிமையாளர்கள் புகார் செய்தனர். அதன் பிறகு பேட்டரி கொள்ளளவுக்கும் தனி வாரண்டி கொடுத்தது நிசான்.

எனவே வாங்கப் போகும் காரில் பேட்டரியை எது குளிர்விக்கிறது என்று முதலில் பாருங்கள். நெக்ஸான் இவியில் திரவக் குளிரூட்டல் உண்டு. 2023ல் வந்த சிட்ரோன் இசி3 காரில் காற்றுக் குளிரூட்டல்தான். காற்றுக் குளிரூட்டல் என்றாலே வாங்கக் கூடாது என்றில்லை. ஆனால் எஸ்.ஓ.எச் ரிப்போர்ட் இல்லாமல் வாங்க வேண்டாம்.

விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கார் நிழலில் நின்றதா, வெட்டவெளியிலா? தினமும் வீட்டில் மெதுவாகச் சார்ஜ் செய்தாரா, ஹைவேயில் ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பி ஓட்டினாரா? முழு சார்ஜில் நாள்கணக்கில் நிறுத்தி வைப்பாரா? வெயில், ஃபாஸ்ட் சார்ஜ், முழு சார்ஜில் நிற்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் பேட்டரிக்குச் சீக்கிரம் வயதாகும்.

ரிப்போர்ட் எங்கே கிடைக்கும்?

அந்தந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் காரைக் காட்டி, பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட்டை எழுத்தில் கேளுங்கள். செலவை நீங்களே ஏற்றுக்கொண்டாலும் பரவாயில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகும் ஓபிடி கருவியும் மொபைல் ஆப்பும் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. ஆனால் எல்லா காரிலும் அது சரியான எண்ணைக் காட்டும் என்று சொல்ல முடியாது. வாரண்டி கேட்டுப் போகும்போது நிறுவனம் ஏற்கப்போவது சொந்த சர்வீஸ் சென்டரின் எண்ணைத்தான்.

ரேஞ்ச் மீட்டரை நம்பாதீங்க

டேஷ்போர்டில் '220 கி.மீ' என்று காட்டுகிறதா? அது கடைசியாக ஓட்டியவரின் பாணியை வைத்துக் கார் போடும் ஒரு கணக்கு. ஏசி போடாமல் 40 கி.மீ வேகத்தில் நான்கு நாள் ஓட்டினால் அந்த எண் தானாகவே கூடிவிடும். அதேபோல, நெக்ஸான் முதல் மாடலுக்கு ஏ.ஆர்.ஏ.ஐ சான்றளித்த 312 கி.மீ என்பது சோதனைக்கூட அளவு. சாலையில் அது வரவில்லை என்பதால் பேட்டரி போய்விட்டது என்று முடிவு செய்யவும் வேண்டாம்.

டெஸ்ட் டிரைவில் கணக்கு போடுவது எப்படி?

தெருவைச் சுற்றிவிட்டு வந்தால் ஒன்றும் தெரியாது. திருநெல்வேலியில் இருந்து சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி வழியாக அம்பாசமுத்திரம் போய் வந்தால் சுமார் 70 கி.மீ. ஆற்றை ஒட்டிய சமவெளிச் சாலை. மேற்கே போகும்போது இருக்கும் லேசான ஏற்றம், திரும்பும்போது இறக்கமாகிக் கணக்கு நேராகிவிடும்.

முழு சார்ஜில் கிளம்புங்கள். ட்ரிப் மீட்டரை பூஜ்ஜியமாக்குங்கள். திரும்பியதும் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக எத்தனை வாட் ஹவர் செலவானது, சார்ஜ் எத்தனை சதவீதம் இறங்கியது.

உதாரணமாக 130 வாட் ஹவர் என்றால், 70 கி.மீக்கு 9.1 யூனிட் செலவு. 30.2 யூனிட் பேட்டரி கொண்ட காரில்:

* சார்ஜ் 30% இறங்கியிருந்தால், பேட்டரி கிட்டத்தட்ட புதிது போல.
* 35% இறங்கியிருந்தால், மொத்தக் கொள்ளளவு 26 யூனிட். அதாவது 86%.
* 40% இறங்கியிருந்தால், 22.75 யூனிட். அதாவது 75%. யோசிக்க வேண்டிய கார்.

இதில் சில சதவீதம் முன்னே பின்னே இருக்கும். ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் இதுவும் ஏறக்குறைய ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான் இந்தக் கணக்கு.

இன்னொரு வழியும் உண்டு. சார்ஜை 10% வரை இறக்கி, வீட்டு சார்ஜரில் 100% வரை ஏற்றி, ஈபி மீட்டரில் எத்தனை யூனிட் ஓடியது என்று பார்க்கலாம். (வீட்டில் மற்ற கருவிகள் ஓடக்கூடாது.) சார்ஜ் ஏறும்போது சுமார் 12% வீணாகும் என்று வைத்தால், 30.2 யூனிட் பேட்டரி புதிதாக இருந்தால் 31 யூனிட் இழுக்கும். 26 யூனிட்தான் இழுத்தது என்றால், "கரண்ட் கம்மியாத்தான் ஆகுது" என்று சந்தோஷப்பட வேண்டாம். குடம் சுருங்கி 84% ஆகிவிட்டது என்று அர்த்தம்.

வாரண்டி: 'லைஃப்டைம்' யாருக்கு?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. விளம்பரத்தில் வரும் 'லைஃப்டைம் பேட்டரி வாரண்டி' பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். கார் கை மாறினால் கணக்கும் மாறும்.

* மஹிந்திரா பிஇ 6, எக்ஸ்இவி 9இ: சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் முதல் உரிமையாளருக்கு லைஃப்டைம். அடுத்தவருக்கு 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கி.மீ.
* எம்ஜி விண்ட்சர்: முதல் உரிமையாளருக்கு லைஃப்டைம். அடுத்தவருக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ.
* டாடா: ஹாரியர் இவியுடன் 2025ல் வந்த லைஃப்டைம் வாரண்டி, பிறகு கர்வ் இவி, நெக்ஸான் இவி 45 மாடல்களுக்கும் விரிவானது. இங்கே 'லைஃப்டைம்' என்றால் முதல் பதிவில் இருந்து 15 ஆண்டு. இதுவும் முதல் உரிமையாளருக்குத்தான்.
* பழைய நெக்ஸான் இவி, டியாகோ இவி: 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ.

ஆண்டு, கிலோமீட்டர் இரண்டில் எது முதலில் முடிகிறதோ, அன்றோடு வாரண்டி முடிந்தது. நீங்கள் வாங்கிய நாளில் இருந்து அல்ல, கார் முதன்முதலில் விற்ற நாளில் இருந்தே கணக்கு. 2021 மார்ச்சில் விற்று 70,000 கி.மீ ஓடிய நெக்ஸானை எடுத்துக்கொள்வோம். காகிதத்தில் 2029 மார்ச் வரை வாரண்டி உண்டு. ஆனால் மிச்சம் 90,000 கி.மீதான். நெல்லையில் இருந்து தினமும் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போய் வருபவர் வருஷத்துக்கு 30,000 கி.மீ ஓட்டினால், மூன்றே வருஷத்தில் அது தீர்ந்துவிடும்.

இன்னொரு விஷயம். பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதற்கெல்லாம் வாரண்டி கிடையாது. குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால்தான் நிறுவனம் பொறுப்பேற்கும். உலக அளவில் பல நிறுவனங்கள் வைத்திருக்கும் எல்லை 70%. உங்கள் காருக்கு எவ்வளவு என்பதை வாரண்டி புத்தகத்திலேயே பாருங்கள். சர்வீஸைத் தவறவிட்டிருந்தாலோ, வெளி மெக்கானிக் பேட்டரியைத் திறந்திருந்தாலோ வாரண்டி செல்லாமல் போகலாம். உங்கள் பெயருக்கு வாரண்டி மாறுமா என்பதை நிறுவனத்திடம் இருந்தே எழுத்தில் வாங்குங்கள்.

பேட்டரி யாருடையது?

விநோதமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் எம்ஜி நிறுவனம் 2024 செப்டம்பரில் விண்ட்சருடன் 'பேட்டரி வாடகை' திட்டத்தைக் கொண்டு வந்தது. காருக்கு ஒரு விலை, பேட்டரிக்குக் கிலோமீட்டர் கணக்கில் தனிக் கட்டணம். அப்படி வாங்கிய காரை பாக்கி தீர்க்காமல் விற்றால் சுமை உங்கள் தலையில் விழும். ஆர்.சியில் அடமானப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் பணம் கொடுக்காதீங்க.

நம்பர் பிளேட்டையும் கவனியுங்கள். பச்சையில் வெள்ளை எழுத்து சொந்தக் கார், மஞ்சள் எழுத்து டாக்ஸி. டாக்ஸியாக ஓடிப் பிறகு சொந்தக் காராக மாறியதா என்பது ஆர்.சி வரலாற்றில் தெரியும். வாடகைக்கு ஓடிய கார்களுக்கு வாரண்டி விதி வேறாக இருக்கலாம்.

தாமிரபரணிக் கரைக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பகுதி மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு நெல்லை சந்திப்பு, வண்ணார்பேட்டை, ஸ்ரீவைகுண்டம், ஏரல் என எங்கும் வெள்ளம். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மிக்ஜாம் புயலில் சென்னை மிதந்தது. அப்போது தண்ணீரில் நின்ற கார்கள் கழுவித் துடைத்து எங்கும் விற்பனைக்கு வரலாம்.

'ஐபி67 பேட்டரி, தண்ணீர் புகாது' என்பார்கள். அந்தத் தரம் சொல்வது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மட்டுமே. நாள்கணக்கில் சேற்று நீரில் நின்ற காருக்கு அது பதில் ஆகாது. இணைப்புகள் மாதக்கணக்கில் மெல்லத் துருப்பிடித்து, பிறகு கோளாறு தலைகாட்டலாம். வெள்ளச் சேதத்தைப் பொதுவாக வாரண்டி ஏற்காது. அது இன்சூரன்ஸ் கணக்கு.

எப்படிக் கண்டுபிடிப்பது? சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை தெரியும். சீட்டின் கீழ் போல்ட்டுகளில் துரு, டிக்கியின் அடித்தளத்தில் மண், ஏசி போட்டதும் பூஞ்சை வாடை, இவையெல்லாம் அடையாளம். 2024ல் புதுப்பித்த இன்சூரன்ஸ் பாலிசியையும் கேளுங்கள். அதில் 'நோ கிளைம் போனஸ்' பூஜ்ஜியமாகி இருந்தால், அதற்கு முந்தைய வருஷம் கிளைம் போயிருக்கலாம். எதற்கு என்று கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால், சர்வீஸ் சென்டரில் உயர் மின்னழுத்தப் பகுதியின் இன்சுலேஷன் சோதனையையும் செய்யச் சொல்லுங்கள்.

அட்வான்ஸுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

1. சர்வீஸ் சென்டர் தந்த, தேதியிட்ட எஸ்.ஓ.எச் ரிப்போர்ட்
2. வாரண்டி எத்தனை ஆண்டு, எத்தனை கி.மீ மிச்சம், உங்கள் பெயருக்கு மாறுமா என்பதற்கு எழுத்துப்பூர்வ பதில்
3. முழு சர்வீஸ் வரலாறு
4. ஆர்.சி, அடமானம் இருந்தால் தடையில்லாச் சான்று
5. 2023க்குப் பிந்தைய இன்சூரன்ஸ் பாலிசிகள்
6. காருடன் வந்த ஒரிஜினல் சார்ஜர்

இதில் முதல் இரண்டைத் தர விற்பவர் தயங்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த காரைப் பார்ப்பதே நல்லது. பேட்டரி மாற்றும் செலவு வந்தால், பேரம் பேசி மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும்.