டென்னிஸ் பந்து மஞ்சளா மாறுனது ஏன்? ஒரு குட்டி வரலாறு

1/ டென்னிஸ் மேட்ச்சை உங்க போன்ல படம் எடுத்துப் பார்த்திருக்கீங்களா? ஆடுற பிள்ளை தெரியும், ராக்கெட் தெரியும். பந்து மட்டும் தெரியாது. இந்தப் பிரச்சனைக்கு ஒரு வரலாறே இருக்கு மக்களே.

2/ ஒரு காலத்தில் டென்னிஸ் பந்து வெள்ளை. நம்ம தென்காசிக் குடும்பத்து ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். 1960, 1961 ரெண்டு வருஷமும் அரையிறுதி வரை போனார். எல்லாம் வெள்ளைப் பந்துலதான்.

3/ 1967 ஜூலை 1. பிபிசி-2 விம்பிள்டனைக் கலர்ல ஒளிபரப்பியது. கோர்ட் ஓரம் உட்கார்ந்தவருக்குக் கவலையில்லை. வீட்டில் டிவி பார்த்தவருக்கு வெள்ளைக் கோடு, வெள்ளை உடைக்கு நடுவுல பந்தைத் தேடுறதே வேலையாப் போச்சு.

4/ டிவியில் மஞ்சள்தான் நல்லாத் தெரியுதுன்னு ஆய்வில் தெரிஞ்சதும், 1972-ல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு மஞ்சள் பந்தை விதிகளில் சேர்த்தது. விம்பிள்டன் மட்டும் பிடிவாதமா 1986 வரை வெள்ளையிலேயே ஆடுச்சு.

5/ மஞ்சள் வந்த அதே 1986-ல் விம்பிள்டன் காலிறுதி ஆடியவர் யார் தெரியுமா? ரமேஷ் கிருஷ்ணன், ராமநாதன் கிருஷ்ணனின் மகன். அப்பா வெள்ளைப் பந்து, மகன் மஞ்சள் பந்து!

6/ சரி, ஏன் மஞ்சள்? இங்கேதான் மருத்துவம் வருது. நம் விழித்திரையில் உள்ள கூம்பு செல்கள் பகல் வெளிச்சத்தில் 555 நானோமீட்டர் ஒளியைத்தான் மிக எளிதாக உணரும். அது பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட நிறம். ரோட்டுல வேலை செய்றவங்க போடுற பளிச் ஜாக்கெட்டும் இதனாலதான் அந்த நிறம்.

7/ நிறம் பாதிப் பிரச்சனையைத் தீர்த்தது. மீதி, வேகம். 200 கி.மீ. வேக சர்வீஸில், 1/1000 நொடிக்குள் பந்து ஐந்தரை செ.மீ. நகர்ந்துடும். பந்தின் அகலமே ஆறரை செ.மீ.தான்! நம்ம ஊர்ப் பிள்ளைங்க அடிக்கிற வேகத்துக்கு 1/1000 போதும். போன்லயும் ப்ரோ மோடு இருந்தா இதை வைக்கலாம்.

8/ இன்னொரு விஷயம். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்த ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். 100 கி.மீ. வேகப் பந்து அதுக்குள்ள அஞ்சு மீட்டர் போயிடும். அடிச்ச அப்புறம் அழுத்தினா லேட். ராக்கெட் முன்னால வர ஆரம்பிக்கும்போதே அழுத்துங்க. பின்னணியில் வெள்ளைச் சுவர் வேண்டாம், மரம் இருக்கட்டும்.

9/ இதை எதுக்குச் சொல்றேன்? டியூட்டி இல்லாத சாயங்காலம் டென்னிஸ் படம் எடுக்குறது என் பொழுதுபோக்கு. திருவண்ணாமலையில் தீபத்தன்னைக்கு எல்லா கேமராவும் மலையைப் பார்க்கும். கிரவுண்ட்ல ஆடுற நம்ம பிள்ளைங்க பக்கம் ஒண்ணுகூடத் திரும்புறதில்ல.

10/ தூரத்துல இருந்து பார்க்குறவங்களுக்காகப் பந்தோட நிறத்தையே மாத்துனாங்க. நாம பக்கத்துலயே இருக்கோம். பெத்தவங்ககிட்ட கேட்டுட்டு எடுங்க. பெயர், தேதி, என்ன போட்டின்னு எழுதி அவங்க கையில கொடுங்க. அந்தப் பிள்ளைக்கு அதுதான் வரலாறு.


அரசு மருத்துவர், திருவண்ணாமலை