இடாப்பும் பற்றுச்சீட்டும்

ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற் சேர்ப்பதற்கும், சேர்த்த பிள்ளையை அங்கே தொடர்ந்து படிக்க வைப்பதற்கும் கொழும்பிலே தாய் தகப்பன்மார் படுகின்ற பாட்டைக் கண்டவர்கள், இது இக்காலத்து உத்தியோகத்தர் சிலரின் போக்கினால் நேற்று முளைத்த தொல்லை என்றே எண்ணுவார்கள். உண்மையில், விண்ணப்பப் பத்திரங்களும் அத்தாட்சிப் பத்திரங்களும், சீட்டிழுப்புப் புத்தகங்களும், சந்தாப் பணமும் நிறைந்த இந்த ஏற்பாட்டிற்கு நூற்றைம்பது வருடத்திற்கு மேற்பட்ட ஒரு சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போர்க்கு முதலிற் புலப்படுவது, ஆதியிலே காகிதம் கேட்கப்பட்டது பள்ளிக்கூடத்திடம் என்பதும், கேட்டது பணம் கொடுத்த அரசாங்கம் என்பதுமாகும். பணத்தையும் கொடுத்து, அதற்கு மேலாகக் காகிதத்தையும் கொடுக்கவேண்டிய நிலைக்குப் பெற்றோர் வந்து சேர்ந்தது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

இதனை விசாரிப்பதற்குக் கொழும்பிலுள்ள கொம்பனித்தெருவைப் போலப் பொருத்தமான இடம் வேறில்லை. பேரை வாவியின் கரையிலே, ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகள் இரவில் அடைத்து வைக்கப்பட்ட நிலம் இது. பின்பு பிரித்தானியரின் மலாய்ப் படைவீரர்கள் குடும்பங்களோடு இங்கே குடியிருந்தார்கள். அவர்கள் சேவித்த இலங்கை றைபிள்ஸ் படைப்பிரிவு 1873 ஆம் ஆண்டிற் கலைக்கப்பட்டபோதும், றைபிள் வீதி என்ற பெயரில் அதன் ஞாபகம் இன்றும் நிலைத்திருக்கின்றது. 1786 இல் எழுந்த வேகந்தப் பள்ளிவாசலும், கியூ வீதிச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும், செபமாலை மாதா ஆலயமும் நடந்து போகும் தூரத்திற்குள் நிற்கின்றன. மலாயர், சோனகர், தமிழர், சிங்களவர் ஆகிய நால்வகைப் பிள்ளைகளும் ஒரே ஒழுங்கையால் நடந்து, வெவ்வேறு பாடசாலைகளுக்குப் போகும் காட்சியை இங்கே காலை தோறும் காணலாம். செல்வர் சிலர் வாழ்ந்தாலும், பெரும்பாலோர் கூலியையும் சிறு வியாபாரத்தையும் நம்பி வாழ்வோர். ஆதலால், கல்விக்காக விதிக்கப்படும் எந்தச் சுமையின் பாரமும் இவ்விடத்தில் உடனே தெரிந்துவிடும்.

1869 ஆம் ஆண்டிலே இலங்கையிற் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. அதற்கடுத்து நடைமுறைக்கு வந்த உதவி நன்கொடை முறை, இங்கிலாந்தில் றொபேட் லோ என்பவர் 1862 இற் கொண்டுவந்த ஏற்பாட்டைத் தழுவி, பரீட்சைப் பெறுபேற்றுக்குத் தக்கபடி பணம் கொடுப்பது என்ற கொள்கையை ஆதாரமாகக் கொண்டிருந்தது. வருடத்திற்கு ஒருமுறை வித்தியாதரிசி வருவார். பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தி, வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றிலும் சோதிப்பார். தேறிய பிள்ளை ஒவ்வொன்றிற்கும் இன்னவளவு என்று கணக்கிட்டுப் பாடசாலையின் முகாமையாளருக்குப் பணம் வழங்கப்படும். இவ்வாறு சோதனைக்கு நிறுத்தப்படும் பிள்ளை குறித்த நாட்களுக்குக் குறையாமல் வந்திருக்கவேண்டுமாகையால், வரவு இடாப்பு என்பது பாடசாலையின் உயிர்நாடியாயிற்று. தலைமையாசிரியர் காலையிலும் மாலையிலும் இடாப்புக் கூப்பிட்டார். சேர்வு இடாப்பில் தகப்பன் பெயரும் பிறந்த திகதியும் பிழையின்றி எழுதினார். வித்தியாதரிசியோ வந்தவுடன் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்குமுன் இடாப்பைப் பார்த்தார். பொய் வரவு போட்ட ஆசிரியரின் வேலைக்கே ஆபத்து நேர்ந்தது.

அம்முறையில் குற்றம் பல இருந்தன. நெட்டுருப் போடுவதையே கல்வியாக்கியது அது. வறிய ஊரின் பள்ளியை வறுமைக்காகவே தண்டித்தது அது. ஆயினும் அதில் ஒரு நியாயம் இருந்ததை மறுத்தல் கூடாது. பொதுப் பணத்தை வாங்குபவன் அதற்கு எழுத்திற் கணக்குக் காட்டக் கடவன் என்பதே அந்த நியாயம். பெற்றோரிடம் கேட்கப்பட்ட விபரமெல்லாம் பிள்ளையின் பெயரும் வயதும் இருப்பிடமும் மாத்திரமே. அவற்றை வாயாற் சொன்னால் எழுதிக்கொள்ள ஆசிரியர் இருந்தார்.

நன்கொடை திரட்டும் வழக்கமும் அக்காலத்திலேயே வேரூன்றியது. அரசாங்க உதவி பெரும்பாலும் மிஷனரிமாரின் பாடசாலைகளுக்கே சென்றமையால், ஏனைய சமயத்தவர்கள் தங்கள் மக்களிடம் கையேந்த நேர்ந்தது. 1880 இல் இலங்கைக்கு வந்த கேணல் ஒல்கொட், அடுத்த வருடத்திலே மாட்டு வண்டியில் ஊரூராகச் சென்று பௌத்த கல்வி நிதிக்குப் பணம் சேர்த்தார். அவருக்கு முன்பே, 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், அரசாங்கத்தின் துணையின்றித் தம்மூர்ச் சைவர்களின் உபகாரத்தைக் கொண்டே அதனை நடத்தினார். மருதானையில் 1892 இல் ஸாஹிராக் கல்லூரியை எழுப்பிய சோனகப் பெருமக்களும் தம் சமூகத்தாரின் பொருளைக் கொண்டே அதைச் செய்தார்கள். அக்கல்லூரியின் அதிபராக 1921 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் விளங்கியவரும், சட்டநிரூபண சபையிலும் அரசாங்க சபையிலும் அங்கம் வகித்தவருமான மலாயப் பெருமகன் ரி. பி. ஜாயாவின் பெயரைத் தாங்கிய ஸாஹிராப் பாடசாலையொன்று இன்று கொம்பனித்தெருவிலே இருக்கின்றது.

இவையெல்லாம் பொதுமக்களிடம் கேட்டு வாங்கிய பணம்தான். ஆனால் கேட்டவர்கள் தெருவில் இறங்கி முகம் காட்டிக் கேட்டார்கள். கொடுத்தவர்கள் தங்கள் கண்முன்னே கட்டடம் எழக் கண்டார்கள். கொடாதவன் பிள்ளைக்கு எந்தக் குறையும் வரவில்லை. பொருள் போகும் இடம் தெரியவேண்டும் என்ற உணர்ச்சி அக்காலத்து மக்களிடம் எவ்வளவு வலுவாயிருந்தது என்பதற்குச் சூரியமல் இயக்கம் தக்க சான்றாகும். நவம்பர் 11 ஆந் திகதி முன்னாட் போர்வீரர்களுக்காக விற்கப்பட்ட பொப்பி மலர்களின் பணத்திற் பெரும்பகுதி இங்கிலாந்துக்குப் போகின்றது என்ற மனக்குறையினால், 1931 இல் ஏலியன் பெரேரா என்பவர் சூரியமல் எனப்படும் பூவரசம் பூவை அதற்கு மாற்றாக விற்கத் தொடங்கினார். 1933 இல் வாலிபர் சங்கங்கள் அதனை மீண்டும் கையேற்றபோது, கொழும்பிலே பெண்கள் பாடசாலையொன்றின் அதிபராயிருந்த ஆங்கில மாது டொரீன் யங் அதற்கு முன்னின்றார். சதக் காசு கொடுக்கிறவனுக்கும் அது எங்கே போகின்றது என்று கேட்கும் உரிமையுண்டு என்பதை இந்த நாடு அன்றே ஒப்புக்கொண்டுவிட்டது.

1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி இலங்கையின் கல்வி வரலாற்றிற் பொன்னெழுத்துக்களாற் பொறிக்கத்தக்க நாள். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமை வகித்த விசேட கமிற்றியின் 1943 ஆம் ஆண்டு அறிக்கையின் பயனாக, பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரை கல்வி இலவசமாயிற்று. சமையற்காரியின் மகனும் நீதியரசரின் மகனும் ஒரே வாங்கில் அமரும் உரிமையைச் சட்டம் வழங்கிற்று. பெற்றோரிடம் பாடசாலை காசு கேட்பது இனி இல்லை என்றே யாவரும் நம்பினர். ஆனால் பாடம் சொல்லிக் கொடுப்பது இலவசமென்றால் விளையாட்டுக்கும் நூலகத்திற்கும் ஆய்வுகூடத்திற்கும் யார் கொடுப்பது என்ற கேள்வி விரைவிலேயே எழுந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் வசதிக் கட்டணம் என்ற பெயரில் ஒரு தொகை அறவிடப்படலாயிற்று. முன்வாசலால் வெளியேறிய கட்டணம் பின்வாசலால் உள்ளே வந்தது.

அடுத்த பெருந்திருப்பம் 1960 ஆம், 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் நேர்ந்தது. உதவி பெற்று வந்த பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசாங்கம் கையேற்றது. கத்தோலிக்கப் பெற்றோர் பல இடங்களிலே பாடசாலைக் கட்டடங்களுக்குள் இரவு பகலாகத் தங்கியிருந்து அதனை எதிர்த்தார்கள். கையளிக்க விரும்பாத சில பெரிய பாடசாலைகள் தனித்து நிற்கத் துணிந்தன. ஆயினும் அவற்றிற்கு அரசாங்க உதவியும் இல்லை, கட்டணம் அறவிடும் உரிமையும் இல்லை. அப்படியானால் ஆசிரியருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? களியாட்ட விழாக்களும், சீட்டிழுப்புக்களும், நாடகக் காட்சிகளும், பெற்றோரும் பழைய மாணவரும் மாதந்தோறும் கொடுத்த பணமுமே, பின்னாளில் அரசாங்கம் ஆசிரியர் சம்பளத்தை ஏற்கும் வரையில், அந்தப் பாடசாலைகளைத் தாங்கின. நிதி திரட்டுவதில் ஒரு பாடசாலைச் சமூகம் எவ்வளவு தேர்ச்சியடையலாம் என்பதை நாடு அவ்வருடங்களிற் கண்டுகொண்டது. உயிர் தப்புவதற்காகச் சிலர் கையாண்ட உபாயம், உயிராபத்து எதுவுமில்லாத ஏனைய பாடசாலைகளுக்கும் வழக்கமாகப் பரவிற்று.

1979 இல் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர் அங்கத்தவர்; அதிபரே தலைவர். நோக்கம் மிக உயர்ந்தது. பாடசாலையின் நிருவாகத்தில் ஊரவருக்கும் பங்கு தருவது. இலவசப் பாடநூல் 1980 இல் வந்தது. பிரேமதாசா ஜனாதிபதியாயிருந்த காலத்தில் இலவசச் சீருடைத் துணியும் வந்தது. அரசாங்கத்தின் வலக்கை இவ்வாறு தாராளமாய்க் கொடுத்துக்கொண்டிருக்க, பாடசாலையின் தேவைகளோ சங்கத்தின் தலையில் விழுந்தன. சங்கம் என்பது பெற்றோருக்குச் சந்தா என்பதாகச் சுருங்கிற்று. சுவருக்கு வர்ணம் பூசவும், மின்விசிறி பூட்டவும், வகுப்பறைக்குத் திரைச்சீலை தைக்கவும் தனித்தனியே காசு கேட்கும் துண்டுகள் கொப்பியின் நடுவே மடித்து வரலாயின.

காகிதத்தின் பாரம் இதனினும் பெரிது. முதலாம் ஆண்டு அனுமதிக்குக் கல்வி அமைச்சு வெளியிடும் சுற்றுநிருபத்தின்படி, நூற்றுக்கு ஐம்பது இடங்கள் அருகில் வசிப்போருக்கும், இருபத்தைந்து பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும், பதினைந்து ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதரர்க்கும், எஞ்சியவை கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்றோர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் உரியன. அருகில் வசிப்பதை நிரூபிக்க ஐந்து வருட வாக்காளர் இடாப்புப் பிரதி, வீட்டு உறுதி அல்லது குத்தகைப் பத்திரம், மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல், கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி ஆகியவை வேண்டும். வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையில் வேறு பாடசாலை இருந்தால் அதற்கும் புள்ளி கழிக்கப்படும். இவ்வாறு தூரம் அளப்பதும் புதிதன்று. 1891 ஆம் ஆண்டளவில், ஒரு பாடசாலைக்குக் கால் மைல் தூரத்துக்குள் இன்னொன்றுக்கு அரசாங்க உதவி நன்கொடை இல்லை என்ற விதி வந்து பௌத்தரையும் சைவரையும் வருத்தியது. அன்று பாடசாலையை அளந்த நூல் இன்று குழந்தையின் வீட்டு வாசலை அளக்கின்றது.

கொம்பனித்தெருவில் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளிலே தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்போர் பலருக்கு உறுதி இல்லை. ஒரே மின்சார மானிக்குக் கீழே இரண்டு மூன்று குடும்பங்கள் வாழ்வதுண்டு; பட்டியல் பாட்டனின் பெயரில் வரும். 2010 இல் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டதும், அதன் பின்பு நகர அபிவிருத்தியின் பேரால் மக்கள் இடம் மாற்றப்பட்டதும், பலருடைய விலாசத்தையும் அதனோடு வாக்காளர் இடாப்புத் தொடர்ச்சியையும் அறுத்துவிட்டன. விண்ணப்ப காலத்தில் கிராம உத்தியோகத்தர் காரியாலயத்து வரிசையில் நின்றபோது, பிளாஸ்ரிக் உறையொன்றில் பிறப்பு அத்தாட்சியையும் மங்கிப்போன பட்டியல்களையும் அடுக்கி வைத்திருந்த இளம் தாயொருத்தி என்னிடம், “அண்ணே, இந்தப் போமைக் கொஞ்சம் நிரப்பித் தாங்க, உறுதி இலக்கம்னு கேட்டிருக்கு, எங்களுக்கு அப்படி ஒண்டும் இல்லையே” என்றாள். அந்தக் கட்டத்தில் எழுதுவதற்கு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அவள் பிறந்ததும் வளர்ந்ததும் மணமுடித்ததும் அந்த ஒழுங்கையிலே. பாடசாலை மணி அவள் வீட்டுக்குக் கேட்கும். ஆயினும் அருகில் வசிப்பவள் என்று நிரூபிக்க அவளிடம் காகிதம் இல்லை.

சேர்ந்த பின்பும் ஓய்வில்லை. என் பிள்ளை படித்த பாடசாலையொன்றிலிருந்து வந்த சீட்டிழுப்புப் புத்தகத்தின் ஒவ்வொரு தாளிலும் துளையிட்ட கோட்டுக்கு இடப்பக்கம் பெயரும் விலாசமும் எழுதும் அடிக்கட்டை இருந்தது; விற்கப்படாத சீட்டுக்குப் பணம் பெற்றோரே கட்டவேண்டும் என்று மேலட்டையில் அச்சிட்டிருந்தது. அயலவர் யாவரும் அதே போன்ற புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போது யார் யாருக்கு விற்பது? அந்தப் பணத்தால் என்ன செய்யப்பட்டது என்ற விபரம் எங்களுக்கு எழுத்தில் வந்ததேயில்லை. 2022 மார்ச்சில், தாளும் மையும் இல்லாமையால் மேல் மாகாணத்துப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பின்போடப்பட்டன. அந்த நெருக்கடி நாட்களில் ஏ4 தாள் கட்டொன்று கொடுக்கும்படி கேட்கப்பட்டால், பிள்ளையின் பரீட்சை நடக்கவேண்டுமே என்று எவரும் மனமுவந்து கொடுப்பர். நெருக்கடி தீர்ந்த பின்பும் அதே கோரிக்கை வருடத் தொடக்கத்துப் பட்டியலில் நிலைத்துவிடுவதே வருந்தத்தக்கது.

பெற்றோர் கொடுப்பதற்கு மனமில்லாதவர்கள் என்று எவரும் கருதலாகாது. 1958 இல் சென்னை மாநிலத்துக் கடம்பத்தூரில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாட்டைத் தொடர்ந்து, ஊரூராக மக்கள் கரும்பலகையும் நாற்காலியும் கட்டடமும் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்ன பள்ளிக்கு இன்ன தேவை என்று முதலிற் பட்டியலிட்டு ஊரறிய வாசித்ததும், கொடுத்தவரையும் கொடுத்த பொருளையும் மேடையிற் கூறியதுமே அவ்வியக்கத்தின் வெற்றிக்குக் காரணம். நம் கொம்பனித்தெருத் தோட்டத்துத் தாயும் அவ்விதமாகக் கேட்டால் தன்னாலானதைக் கொடுப்பாள்.

ஆதலால் நாம் வேண்டுவது பழைய நியாயமொன்று திரும்பி வரவேண்டும் என்பதே. அரசாங்கத்தின் ஒரு காரியாலயம் கொடுத்த பத்திரத்தை இன்னொரு காரியாலயம் குடிமகனிடம் கேட்பதை விடுத்து, தானே பெற்றுக்கொள்ளட்டும். உறுதியில்லாத குடும்பத்தை, அவ்விடத்தில் வாழ்வதைக் கண்ணாற் கண்டு அறியும் வழி செய்யட்டும். அன்று வித்தியாதரிசிக்குத் தலைமையாசிரியர் இடாப்பைத் திறந்து காட்டியது போல, பெற்றோரிடம் பணம் வாங்கும் பாடசாலை பெற்றோருக்குக் கணக்கைத் திறந்து காட்டட்டும். வரவு செலவை ஒரே தாளில் எழுதிப் பாடசாலை மண்டபச் சுவரில் ஒட்டுவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. சந்தா கட்டி அதன் பற்றுச்சீட்டை வைத்திருக்கும் ஒவ்வொரு தாயும் சங்கத்தின் அங்கத்தவர். அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று அந்தக் கணக்கைக் கேட்க அவளுக்குப் பூரண உரிமையுண்டு, அவள் கேட்கத்தான் வேண்டும்.