வானொலியும் மறுதரப்பும்

கோவலன் கதையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். பொற்கொல்லன் ஒருவன் சொன்னான், பாண்டிய வேந்தன் கேட்டான், காவலர் சென்றனர், கோவலன் வெட்டுண்டான். அவ்வேந்தன் கொடுங்கோலன் அல்லன். கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டிய அளவில், தன் தவற்றை உணர்ந்து அரியணையிலேயே உயிர் நீத்தவன் அவன். அத்தகைய நல்லவன் செய்த பிழைதான் என்ன? ஒரு பக்கத்தைக் கேட்டான், மறுபக்கத்தைக் கேட்கவில்லை. அவ்வளவே.

முடியாட்சியில் ஒருவன் காது கேட்க மறந்ததால் ஒரு நகரம் எரிந்தது. குடியாட்சியிலோ வாக்குரிமை பெற்ற ஒவ்வொருவரும் வேந்தரே. நீங்களும் பதினெட்டு வயது நிரம்பியதும் அவ்வரிசையில் சேர்வீர்கள். அவ்வேந்தர்களின் செவிக்கு நாட்டு நடப்பையும் ஊர் நடப்பையும் கொண்டு சேர்க்கும் கருவிகளுள் வானொலி ஒன்று. அது இரு தரப்பையும் கொண்டு வந்து சேர்த்ததா? இவ்வினாவை முன்வைத்து வானொலியின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

மைதானத்தில் நடைபெறும் பொதுக்கூட்டத்திற்கும் வானொலிப் பேச்சிற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. கூட்டத்தில் பேசுபவரைப் பார்த்து ஒருவர் எழுந்து நின்று வினவலாம். மறுநாள் அதே மைதானத்தில் எதிர்க்கட்சியார் மேடை போடலாம். வானொலிக்கோ வாய் உண்டு, செவி இல்லை. அன்றியும், அலைவரிசைகள் எண்ணிக்கையில் குறைந்தவை. விரும்பியவர் எல்லாம் அச்சகம் வைப்பது போல, விரும்பியவர் எல்லாம் ஒலிபரப்பு நிலையம் வைத்துவிட இயலாது. ஆகவே, அந்த ஒரு மேடையில் யாரை ஏற்றுவது என்பது தொடக்க முதலே அரசியற் சிக்கலாயிற்று.

இச்சிக்கல் முதலில் கூர்மையாக வெளிப்பட்ட இடங்களுள் ஒன்று இங்கிலாந்து. 1926-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நாட்டில் பொது வேலைநிறுத்தம் நடைபெற்றது. செய்தித்தாள்கள் பெரும்பாலும் அச்சாகவில்லை. மக்கள் பி.பி.சி. வானொலியையே நம்பியிருந்தனர். பிரதமர் பால்டுவின் அதில் பேசினார். எதிர்க்கட்சித் தலைவர் ராம்சே மக்டொனால்டு தாமும் பேச இடம் கேட்டார், கிடைக்கவில்லை. சர்ச்சைக்குரிய பொருள்களையே ஒலிபரப்பக் கூடாது என்று இருந்த தடையும் 1928-ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சென்னையில் 1924-ஆம் ஆண்டிலேயே ஆர்வலர் சிலர் கூடி ஒரு வானொலிக் கழகம் நிறுவி ஒலிபரப்பத் தொடங்கினர். பணமுடையால் 1927-இல் அது நின்றது. பின்னர்ச் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று 1930 முதல் நடத்திற்று. அதே ஆண்டில் இந்திய அரசாங்கம் பம்பாய், கல்கத்தா நிலையங்களைத் தன்வயப்படுத்தியது. 1936-இல் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சென்னை நிலையம் பிறந்தது. இசையும் நாடகமும் உழவர்க்கான உரைகளும் வளர்ந்தன. ஆனால், நாடெங்கும் கொந்தளித்துக்கொண்டிருந்த விடுதலைப் போராட்டத்தின் குரலுக்கு அங்கே வாயில் திறக்கவில்லை. அரசாங்கத்தின் மேடையில் அரசாங்கத்தை எதிர்ப்பவர்க்கு இடமேது?

அடைக்கப்பட்ட குரல் வேறு வழி தேடும். 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறி, தலைவர்கள் சிறைப்பட்ட சில நாட்களில், பம்பாயில் ஒரு மறைமுக வானொலி எழுந்தது. காங்கிரஸ் வானொலி என்பது அதன் பெயர். அதை நடத்தியவர்களுள் முதன்மையானவர் உஷா மேத்தா. அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு. ராம் மனோகர் லோகியா போன்றோர் அதற்குத் துணை நின்றனர். காவல்துறை மோப்பம் பிடிக்காதிருக்க ஒலிபரப்புக் கருவியை வீட்டுக்கு வீடு மாற்றினர். ஏறத்தாழ மூன்று மாதங்கள் அக்குரல் ஒலித்தது. நவம்பர் 12-ஆம் நாள் உஷா மேத்தா கைதானார். நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். உங்கள் வயதை ஒத்த ஒரு பெண், மறுதரப்பை மக்கள் செவிக்குக் கொண்டு செல்லக் கொடுத்த விலை அது. நெஞ்சில் நிறுத்துங்கள்.

ஐந்தாண்டுகள் கழித்து, 1947-ஆம் ஆண்டு அதே நவம்பர் 12-ஆம் நாள், காந்தியடிகள் டில்லி வானொலி நிலையத்திற்கு வந்து, குருச்சேத்திர முகாமில் இருந்த அகதிகளுக்காகப் பேசினார். போராடிய மக்களின் கைக்கு வானொலி வந்துவிட்டது என்பதற்கு இதனினும் சிறந்த அடையாளம் வேண்டியதில்லை.

ஆயினும், ஆட்சி மாறியதே ஒழிய அமைப்பு மாறவில்லை. வானொலி அரசாங்கத் துறையாகவே தொடர்ந்தது. அரசியற் கட்சி எதையும் பெயர் சொல்லித் தாக்கலாகாது, மாநில அரசையோ மத்திய அரசையோ பகைமையுடன் குறைகூறலாகாது என்னும் விதிகள் வந்தன. கலவரம் விளையாதிருக்க இவற்றுள் சில தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அமைச்சர் பேசுவது செய்தி, எதிர்க்கட்சியார் பேசுவது சர்ச்சை என்று ஆகிவிடும்போது விதி ஒருபக்கம் சாய்ந்துவிடுகிறது அன்றோ?

அச்சாய்வின் உச்சத்தை நாடு 1975-இல் கண்டது. ஜூன் 26-ஆம் நாள் காலையில் பிரதமர் இந்திரா காந்தி நெருக்கடிநிலை அறிவிப்பை வானொலி வாயிலாக மக்களுக்குத் தெரிவித்தார். அதற்கு மறுமொழி கூறக்கூடிய ஜெயப்பிரகாஷ் நாராயணும் மொரார்ஜி தேசாயும் அன்று விடியுமுன்னரே கைதாகியிருந்தனர். செய்தித்தாள்களுக்குத் தணிக்கை வந்தது. உண்மை நிலையை அறிய விழைந்தோர் பி.பி.சி. போன்ற அயல்நாட்டு நிலையங்களைத் தேடித் திருப்பினர். உள்ளூர்ச் செய்தியை அறிய ஒரு நாட்டு மக்கள் கடல் கடந்து காதை அனுப்ப வேண்டியிருந்தது எத்துணைப் பெரிய இரக்கத்திற்குரிய நிலை!

1977-ஆம் ஆண்டில் காற்றுத் திரும்பிற்று. தேர்தல் காலத்தில் எதிரெதிர்க் கட்சியினர் வானொலியில் தம் கொள்கையை எடுத்துரைக்க அவ்வாண்டில் வழி திறந்தது. அப்பொழுது நான் கல்லூரி மாணவன். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து வானொலியின் ஒலிபெருக்கிக் கீழ் அமர்ந்து அப்பேச்சுகளைக் கேட்டேன். என் அருகில் இருந்த முதியவர் ஒருவர், “இவரும் இந்தப் பெட்டியில் பேசலாமா?” என்று வியந்தார். அவ்வியப்பே முப்பது ஆண்டு வரலாற்றைச் சொல்லிவிட்டது. இன்றைய முறையில் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு இலவச நேரம் உண்டு. அதன் ஒரு பகுதி எல்லார்க்கும் சமம்; எஞ்சியது முந்தைய தேர்தலில் பெற்ற வாக்குகளுக்கு ஏற்பப் பகிரப்படுகிறது.

அரசாங்கத்தின் பிடியை நீக்கிவிட்டால் மறுதரப்பு தானே வந்துவிடும் என்று சிலர் கருதுவர். அமெரிக்காவின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. அங்கு வானொலி நிலையங்கள் பெரும்பாலும் தனியாருடையவை. எனவே 1949-இல் நடுநிலைக் கோட்பாடு ஒன்று வகுக்கப்பட்டது. பொதுப் பிரச்சினைகளை நிலையங்கள் பேசவும் வேண்டும்; மாறுபட்ட கருத்துகளுக்கு இடம் தரவும் வேண்டும் என்பது அதன் சாரம். 1964-இல் பென்சில்வேனியா மாநிலத்து ரெட் லயன் என்னும் சிற்றூர் நிலையம் ஒன்றில், சமயப் பிரசாரகர் ஒருவர் ஃபிரெட் குக் என்னும் எழுத்தாளரைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். குக் மறுமொழி கூற இலவசமாக நேரம் கேட்டார், நிலையம் இணங்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1969-இல் வந்த தீர்ப்பு குக்கின் பக்கம் நின்றது. ஒலிபரப்புவோரின் உரிமையைவிடக் கேட்போரின் உரிமையே தலையாயது என்பது அதன் அடிநாதம்.

இவ்விதி இருந்தால் நிலையங்கள் தொல்லைக்கு அஞ்சிச் சர்ச்சைப் பொருள்களையே தவிர்த்துவிடும் என்று எதிர்வாதம் செய்தோரும் இருந்தனர். அதுவும் புறக்கணிக்கத்தக்க வாதமன்று. 1987-இல் அக்கோட்பாடு கைவிடப்பட்டது. மறு ஆண்டே ரஷ் லிம்பா என்பவரின் அரசியல் உரைநிகழ்ச்சி நாடு தழுவி ஒலிக்கத் தொடங்கிற்று. நாள்தோறும் மணிக்கணக்காக ஒரு சார்பையே பேசும் நிகழ்ச்சிகள் பெருகின. தொலைபேசியில் நேயர்கள் பேசலாம். ஆனால், யாரைப் பேசவிடுவது, எப்பொழுது நிறுத்துவது என்பது நிகழ்ச்சி நடத்துபவர் கையில் இருந்தது. அரசாங்கத்தின் வானொலி மறுதரப்பை வாயிலில் நிறுத்தியது. வணிக வானொலி மறுதரப்பை அழைக்க வேண்டிய கட்டாயமின்றி இருந்தது. கேட்பவருக்குக் கிடைத்தது இரண்டிலும் பாதி உண்மையே.

நம் நாட்டில், கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்புவது பற்றி எழுந்த வழக்கொன்றில், 1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சிறந்ததொரு கருத்தை உரைத்தது. அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து என்பதே அது. 1997-இல் பிரசார் பாரதி என்னும் தன்னாட்சிக் கழகம் செயற்படத் தொடங்கியது. 2001 முதல் தனியார் பண்பலை நிலையங்கள் வந்தன. ஆயின், சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பும் உரிமை அவற்றிற்குத் தரப்படவில்லை. 2011-ஆம் ஆண்டு விதிகளும் அரசு வானொலியின் செய்தியை மாற்றமின்றி எடுத்து ஒலிபரப்பவே இடமளித்தன. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் சமுதாய வானொலியைத் தொடங்கிற்று. தெருக் குழாயில் தண்ணீர் வராததையும், ஊராட்சியின் வரவு செலவையும் ஊரார் தம் வானொலியிலேயே எதிரெதிர் நின்று பேசும் நாள் வரவேண்டும் என்பது என் அவா.

விதிகள் எத்துணைச் செம்மையாயினும், கேட்பவர் விழிப்பின்றி அவை பயன்தாரா. நான் பள்ளியில் பணியாற்றியபோது மாணவர்க்கு ஒரு பயிற்சி தருவதுண்டு. அரசியல் உரை எதைக் கேட்டாலும், குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் பேசியவர் கூறியதை எழுத வேண்டும். வலப்பக்கத்தில், அவருடைய எதிர்த்தரப்பார் அங்கிருந்தால் என்ன விடை கூறியிருப்பார் என்று எழுத வேண்டும். வலப்பக்கம் வெறுமையாக இருந்தால், அன்று மாலை நூலகத்திற்குச் சென்று தேட வேண்டும். தமக்குப் பிடித்த தலைவர் பேசிய நாளில்தான் வலப்பக்கம் எழுதுவது கடினம் என்பதை அவர்கள் விரைவில் கண்டுகொண்டனர்.

இடித்துரைக்கும் துணையை வேந்தன் தேடிக்கொள்ள வேண்டும் என்று வள்ளுவர் வற்புறுத்தினார். இன்று வேந்தர் நாம். நமக்கு இனிக்கும் குரலை மட்டும் திருப்பி வைத்துக் கேட்கும் வசதி பெருகியுள்ள காலம் இது. மாணவ நண்பர்களே, இன்றிரவே அக்குறிப்பேட்டைத் தொடங்குங்கள். முதலில் நான் பேசியதையே இடப்பக்கத்தில் எழுதுங்கள்.