பூட்டு செய்த அப்பா

உங்கள் ஏ.டி.எம். கார்டின் ரகசிய எண் என்ன? ஐயையோ, சொல்லிவிடாதீர்கள்! பிறந்த வருஷமா, கல்யாண வருஷமா, ஸ்கூட்டர் நம்பரா என்று மட்டும் மனசுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்றென்றால், ஒரு அப்பா - பிள்ளை கதை உங்களுக்காகவே காத்திருக்கிறது.

1960-களின் தொடக்கம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஓர் அறையையே அடைத்து நிற்கும் ஒற்றைக் கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே நேரத்தில் பங்கு போட்டுக்கொள்ள ஏற்பாடு செய்தார் ஃபெர்னாண்டோ கார்பட்டோ. ஒண்டுக் குடித்தனம் மாதிரி. ஆளுக்கொரு அலமாரி வேண்டும், அலமாரிக்கு ஒரு பூட்டு வேண்டுமில்லையா? வந்தது பாஸ்வேர்ட்.

அத்தனை பேருடைய பாஸ்வேர்டுகளும் ஒரே ஃபைலில், பச்சையாக அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தன. ஒருநாள் இரண்டு நிர்வாகிகள் ஒரே சமயத்தில் இரண்டு ஃபைல்களைத் திருத்த, ஒன்று இன்னொன்றின் இடத்துக்கு மாறிப் போனது. அவ்வளவுதான்! கம்ப்யூட்டருக்குள் நுழைந்தவர்களுக்கெல்லாம் 'இன்றைய அறிவிப்பு' தெரிய வேண்டிய இடத்தில், ஊரார் பாஸ்வேர்டுகள் முழுக்க வரிசையாக வந்து விழுந்தன.

இந்தக் கூத்திலிருந்து பாடம் கற்றவர்களில் ஒருவர்தான் நம் கதையின் அப்பா, ராபர்ட் மோரிஸ். 1960-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த கணக்குப் புலி. பிற்பாடு அங்கேதான் யூனிக்ஸ் பிறந்தது. அதற்கு மோரிஸ் போட்ட பூட்டில் ஒரு விசேஷம். அது பாஸ்வேர்டை எங்கேயும் எழுதி வைக்காது. கிரைண்டரில் போட்டு அரைத்து மாவைத்தான் வைத்துக்கொள்ளும். மறுநாள் நீங்கள் வந்து பாஸ்வேர்டைச் சொன்னால், அதையும் அரைத்துப் பார்க்கும். இரண்டு மாவும் ஒன்றாக இருந்தால், 'உள்ளே வாங்க!' மாவைத் திருடிக்கொண்டு போனாலும் அதிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாதே!

இதில் கொஞ்சம் உப்பும் போட்டார்கள். நிஜமாகவே அதற்கு 'சால்ட்' என்றுதான் பெயர். இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஆள் உப்பு வேறு, அதனால் மாவும் வேறு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நம் பாட்டிகள் சொன்னது கம்ப்யூட்டருக்கும் பொருந்தும் போலிருக்கிறது. போதாக்குறைக்கு, கிரைண்டர் வேண்டுமென்றே மெதுவாக ஓடும். லட்சம் வார்த்தைகளை அரைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க நினைப்பவன் அலுத்துப்போகட்டும் என்றுதான்!

பூட்டு பிரமாதம். சாவி? 1979-ல் மோரிஸும் கென் தாம்ஸனும் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. அவர்கள் சேகரித்த பாஸ்வேர்டுகள் 3,289. அவற்றில் 15 பேர் வைத்திருந்தது ஒரே ஓர் எழுத்து! 72 பேர் இரண்டு எழுத்து. அகராதியிலும் பெயர்ப் பட்டியலிலும் இருக்கிற வார்த்தைகளையும் சேர்த்துப் பார்த்தால், 86 சதவிகிதம் சுலபமாக மாட்டிக்கொள்ளும் ரகம்.

1986-ல் மோரிஸுக்குப் பெரிய இடம் கிடைத்தது. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி! பாதுகாப்பாக இருக்க மூன்று வழிகள் உண்டு என்று அவர் பெயரில் ஒரு ஜோக் உலவுகிறது: கம்ப்யூட்டர் வாங்காதே; வாங்கினால் ஸ்விட்ச் போடாதே; போட்டால் தொடாதே.

இனி பிள்ளை. அவர் பெயரும் ராபர்ட் மோரிஸ்தான். கார்னெல் பல்கலைக்கழக மாணவர், வயது 22. 1988 நவம்பர் 2-ம் தேதி ஒரு சின்ன புரோகிராமை இன்டர்நெட்டில் அவிழ்த்துவிட்டார். கிளம்பிய இடம் தெரியக் கூடாதென்று எம்.ஐ.டி. கம்ப்யூட்டர் வழியாக!

அந்தப் 'புழு' மூன்று வழிகளில் நுழைந்தது. ஒன்று, மெயில் அனுப்பும் புரோகிராமில் யாரோ திறந்தே விட்டிருந்த கொல்லைக் கதவு. இரண்டு, 512 எழுத்து மட்டுமே பிடிக்கிற பாத்திரத்தில் அதற்கு மேலும் ஊற்றி வழியவிடும் தந்திரம். மூன்றாவதுதான் சுவாரஸ்யம், பாஸ்வேர்டை ஊகிப்பது. ஆளின் பெயர், பெயரைத் திருப்பிப் போட்டது, பிறகு கையோடு கொண்டுவந்த 432 வார்த்தைகள், கடைசியில் அகராதி. அப்பா மெதுவாக ஓடவிட்ட கிரைண்டரைப் பிள்ளையின் புழு வேகமாக ஓட்டியது! 'உங்கள் பாஸ்வேர்டு பலவீனம்' என்று அப்பா கட்டுரை எழுதி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. யாரும் மாற்றிக்கொள்ளவில்லை.

புழு எதையும் அழிக்கவில்லை. ஆனால் ஒரு தப்புக் கணக்கு. 'இங்கே ஏற்கெனவே நான் இருக்கிறேனா?' என்று அது கேட்கும். ஆமாம் என்று பதில் வந்தாலும், ஏழில் ஒரு தடவை அதைப் பொருட்படுத்தாமல் தங்கிவிடும். பொய்யாக 'ஆமாம்' சொல்லி விரட்டிவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை! விளைவு, ஒரே கம்ப்யூட்டரில் கூட்டம் கூட்டமாகப் புழுக்கள். அன்றைய இன்டர்நெட்டில் இருந்தவை சுமார் 60,000 கம்ப்யூட்டர்கள். குத்துமதிப்பாக 6,000 மூச்சு முட்டிப்போயின.

யார் செய்தது என்று நிருபர்கள் துருவத் துருவ, விஷயம் அப்பாவிடம் வந்து சேர்ந்தது. நினைத்துப் பாருங்கள். பூட்டு செய்வதில் நாட்டிலேயே பெரிய ஆள். வேலையோ உளவு அமைப்பில். 'உங்க பையனா?' என்று கேட்கிறார்கள். மறைக்கவில்லை. ஆமாம் என்றார். இனியாவது ஜனங்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்றும் சொன்னார்.

1990-ல் தீர்ப்பு. மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். ஜெயில் இல்லை. புழு வந்த மாதமே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவசர உதவிக்கென 'செர்ட்' பிறந்தது. இந்தியாவுக்கென்று ஒரு செர்ட் 2004-ல் வந்தது.

பிள்ளை? பின்னாளில் அதே எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார்! அப்பா 1994-ல் ஓய்வு பெற்று, 2011-ல் காலமானார். அவருடைய உப்பும் அரைக்கிற யோசனையும் இன்றும் உலகமெங்கும் பாஸ்வேர்டுகளைக் காக்கின்றன. கிரைண்டர்தான் இன்னும் கடினமாகிவிட்டது.

அதனால்தானோ என்னவோ, இன்றைய திருடன் கிரைண்டர் பக்கமே போவதில்லை. நேராக நமக்கே போன் போட்டு, 'சார், பேங்க்லேர்ந்து பேசறோம், ஓ.டி.பி. வந்திருக்கா?' என்கிறான். நாமும் சொல்லிவிடுகிறோம்!

ஒரே ஓர் எழுத்தைப் பாஸ்வேர்டாக வைத்திருந்த அந்தப் 15 பேர் யாரென்று தெரியாது. ஆனால் அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை வேண்டாமா? முதல்ல அந்த ஸ்கூட்டர் நம்பரை மாத்துங்க!