படத்தில் எழுத மறந்த எண்



போன தவணை எங்கள் உயர்தரத் தொழினுட்பப் பிரிவுப் பிள்ளை ஒருவர் சின்னக் கப்பி ஒன்றுக்குப் படம் வரைந்தார். துளை 20 மில்லிமீற்றர், அதற்குள் போகும் தண்டும் 20 மில்லிமீற்றர். நானும் சரி போட்டுவிட்டேன். லேத் பட்டறை ஐயா படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சேர், இது இறுக்கமா நிக்கோணுமா, சுத்தோணுமா? கீறினதில அது இல்லையே."

எனக்குப் பதில் வரவில்லை. சரியாக 20 என்று எந்த இயந்திரமும் வெட்டாது. கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று சொல்வதுதான் டொலரன்ஸ். அதை உலகம் மெல்ல மெல்லத்தான் கற்றது.

முன்பு ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் தேய்த்துத் தேய்த்துத்தான் பொருத்தினார்கள். ஒரு பட்டறையின் ஆணி இன்னொரு பட்டறையின் நட்டுக்குள் போகாது. 1841 இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வேர்த், எல்லாத் திருகாணிப் புரிக்கும் 55 பாகை என்ற ஒரே கோணத்தை முன்வைத்தார். 1905 இல் வில்லியம் டெய்லர், அளவுமானிகளால் சோதிக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார்: உள்ளே போகவேண்டிய மானி முழு வடிவத்தையும் ஒன்றாகச் சோதிக்க வேண்டும்; போகக்கூடாத மானி ஒவ்வோர் அளவையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

அடுத்தவர் ஸ்கொட்லாந்தின் டோர்பிடோ தொழிற்சாலையில் வேலை செய்த ஸ்டான்லி பார்க்கர். சோதனையில் கழித்த பாகங்களும் பொருத்தினால் வேலை செய்வதை அவர் கண்டார் என்பார்கள். காரணம் எளிது. துளையின் மையம் இரு பக்கமும் ±0.1 விலகலாம் என்றால் கிடைப்பது ஒரு சதுரம். அதன் மூலை, நடுவிலிருந்து 0.14 தூரம். மூலையில் விழுந்தது பாஸ். நேர் பக்கமாக 0.12 விலகியது, நடுவுக்குக் கிட்ட இருந்தும் பெயில்! சதுரத்தைச் சுற்றி வட்டம் போட்டால் 57 வீதம் கூடுதல் இடம் கிடைக்கும், நல்ல பாகம் குப்பைக்குப் போகாது. 1940 இல் அவர் எழுதியதிலிருந்தே இன்றைய வடிவ, இட டொலரன்ஸ் முறை வளர்ந்தது.

அதே 1905 இல்தான் வன்னியூடான ரயில் பாதை முழுமையாகித் தெற்கும் யாழ்ப்பாணமும் இணைந்தன. 1990 இல் ரயில் நின்றது, பிறகு தண்டவாளமும் போனது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு மீண்டும் ரயில் வந்தது. பாதை போட்டவர் வேறு, பெட்டி செய்தவர் வேறு. ஆளை ஆள் கண்டதில்லை. ஆனாலும் சக்கரம் தண்டவாளத்தில் சரியாக இருந்தது. 1676 மில்லிமீற்றர் என்ற எண்ணும், அதிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதும் தாளில் இருந்ததே காரணம்.

எங்கள் பிள்ளைகள் நாளை அறிவியல்நகருக்குப் படிக்கப் போவார்கள். அவர்கள் கீறுவதை முகம் தெரியாத ஒருவர் எங்கோ வெட்டுவார். அவருக்கு நாங்கள் பேசும் மொழி அந்தப் படம் மட்டும்தான்.

அந்தப் பிள்ளை படத்தைத் திருத்திவிட்டார். நான் போட்ட சரியையும் அழித்துவிட்டேன். வீட்டில் தொழினுட்பம் படிக்கும் பிள்ளை இருந்தால் இன்றைக்கு ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த அளவு எவ்வளவு பிழைக்கலாம்?"