நடுவட்டத்துப் பட்டை

சின்கோனா விதையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டால் மூச்சுவிடவே யோசிக்க வேண்டும். சுற்றிலும் காகிதத்தைவிட மெல்லிய சிறகு, நடுவில் ஒரு பொட்டு. ஒரு கிராமுக்கு ஆயிரக்கணக்கில் நிற்கும். ஈக்வடாரில் சிம்பொராசோ மலையின் மேற்குச் சரிவில் பொறுக்கிய இந்த விதைதான் 1861-இல் நீலகிரிக்கு வந்து, ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும் சாலையில் சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கும் நடுவட்டத்தில் தோட்டமாக நின்றது. நாடுகள் எப்படிப் பணக்கார நாடுகள் ஆகின்றன, சில ஏன் ஆகவில்லை என்று பொருளாதார அறிஞர்கள் இன்றும் மல்லுக்கு நிற்கிறார்கள். அந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் இந்த மரப்பட்டையைத் தொடாமல் பேச முடியாது.

பட்டையின் கசப்பு குளிர்காய்ச்சலை, அதாவது மலேரியாவை, அடக்கும் என்பது 17-ஆம் நூற்றாண்டிலேயே ஏசு சபைப் பாதிரியார்கள் வழியாக ஐரோப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பெரு நாட்டு வைஸ்ராயின் மனைவி சின்சோன் சீமாட்டி இதைச் சாப்பிட்டுப் பிழைத்தார் என்றொரு கதை உண்டு. கதைக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அதை நம்பித்தான் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் மரத்துக்குப் பெயர் வைத்தார். 1820-இல் பாரிஸில் பெல்லெத்தியே, கவந்து என்ற இருவர் பட்டையிலிருந்து கொயினா (குவினைன்) என்ற மருந்துச் சத்தைத் தனியாகப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு அது அரசுகளின் விவகாரமாகிவிட்டது. 1841-இல் நைஜர் ஆற்றுக்குப் போன பிரிட்டிஷ் பயணத்தில் சென்ற வெள்ளையர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் செத்தார். 1854-இல் அதே ஆற்றில் வில்லியம் பெய்க்கி தன் ஆட்களுக்குக் கொயினாவை முன்கூட்டியே கொடுத்துக்கொண்டு போனார். காய்ச்சலில் ஒருவரும் சாகவில்லை. ஆப்பிரிக்காவின் உட்பகுதி ஐரோப்பியருக்குத் திறந்ததில் துப்பாக்கிக்கு எவ்வளவு பங்கோ, இந்தக் கசப்புக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

ஆனால் மரம் இருந்ததோ ஆண்டிஸ் மலையில், வெட்டுகிறவர்கள் வெட்டிக்கொண்டே போனார்கள். இந்தியாவில் பட்டாளத்தையும் அதிகாரிகளையும் காய்ச்சலிலிருந்து காப்பாற்றுவதற்கு ஆன செலவு லண்டனில் இந்தியா ஆபீசுக்குத் தலைவலியாக இருந்தது. அங்கே எழுத்தராக இருந்த கிளமென்ட்ஸ் மார்க்கம் 1859-இல் விதையும் செடியும் கொண்டுவரப் புறப்பட்டார். பெருவில் உள்ளூர்க்காரர்கள் அவரை எதிர்த்தார்கள். தங்கள் காட்டுச் செல்வம் கப்பலேறப் போகிறது என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. எப்படியோ செடிகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்து, பனாமா, இங்கிலாந்து, செங்கடல் என்று உலகைச் சுற்றி 1860 அக்டோபரில் ஊட்டி வந்து சேர்ந்தார். வழியில் பட்ட வெயிலில் அவர் செடிகள் தேறவில்லை. நீலகிரியின் தோட்டங்களுக்கு வேரானவை ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் சேகரித்த சிவப்புப் பட்டை என்ற வகையின் விதைகளும், ராபர்ட் கிராஸ் அங்கிருந்து கூடவே வந்து சேர்த்த செடிகளும்தான். ஸ்ப்ரூஸ் அப்போது நடக்கவே சிரமப்பட்ட நோயாளி. பெயரும் பட்டமும் மார்க்கமுக்குப் போயின.

ஊட்டித் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரகாம் மெக்ஐவர்தான் அடுத்த ஆள். தொட்டபெட்டாவின் குளிருக்கு ஒரு வகை, நடுவட்டத்தின் மழைக்கும் மிதமான குளிருக்கும் சிவப்புப் பட்டை என்று பிரித்து நட்டார். தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளியும் சோலையும் அரசுத் தோட்டமாயின. மனிதர் கைநுணுக்கம் தெரிந்தவர். விதை வரத்துக்குக் காத்திராமல் ஓர் இலையும் அதன் கக்கத்து மொட்டும் இருந்தால் போதும் என்று துண்டு துண்டாகப் பதியன் போட்டு, கொஞ்சமே இருந்த செடிகளைச் சில ஆண்டுகளில் லட்சக்கணக்கில் பெருக்கினார். பட்டைக்காக மரத்தையே வெட்டிச் சாய்க்கும் ஆண்டிஸ் வழக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. அடிமரத்தில் ஒன்றரை அங்குல அகலத்துக்குப் பட்டையை நீளவாக்கில் நாடா நாடாவாக உரித்தெடுப்பார். ஒரு நாடாவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பட்டையை அப்படியே விட்டுவைப்பார். உரித்த இடம் காயாமல் இருக்க ஈரப் பாசியை வைத்துக் கட்டுவார். புதுப் பட்டை வளரும். அதில் மருந்துச் சத்து முன்னைவிடக் கூடுதலாக இருக்கும். நடுவட்டத்தின் மழையில் பாசிக்குப் பஞ்சமில்லை.

கூலியாட்களுக்குத்தான் பஞ்சம். மலைக்கு ஆள் வருவது கடினம், வந்தவர் நிற்பது அதைவிடக் கடினம். அரசாங்கம் தன் கையில் இருந்த சுலபமான ஆட்களை அனுப்பியது: கைதிகள். மலாய்ப் பக்கத்து நீரிணைக் குடியேற்றங்களில் சிறைகள் நிரம்பி வழிய, அங்கிருந்து சீனக் கைதிகள் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். அவர்களில் சிலர் லவ்டேலில் லாரன்ஸ் பள்ளிக் கட்டடத்துக்கும், சிலர் சின்கோனாத் தோட்டத்துக்கும் வந்தார்கள். அவர்களை அடைத்து வைக்க எழுப்பிய சிறைக் கட்டடம் நடுவட்டத்தில் இன்றும் நிற்கிறது. தண்டனை முடிந்தபின் சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்த ஒரு சிறு குடியிருப்பை எட்கர் தர்ஸ்டன் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பார்த்து எழுதியிருக்கிறார். மானுடவியல் அளவுகோலோடு போனவர் என்பதால் மூக்கையும் மண்டையையும் அளந்துவிட்டு வந்தார். 

நிலம் இருந்தது, மழை இருந்தது, அரசின் முதல் இருந்தது, ஆராய்ச்சியும் இருந்தது. 1866-இல் ஜான் பிராட்டன் என்ற வேதியியலரையே இதற்கென்று நியமித்தார்கள். அதே ஆண்டு அமைத்த குழு, கொயினாவோடு பட்டையில் உள்ள மற்ற மூன்று உப்புகளையும் மருத்துவமனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அவையும் ஏறத்தாழ அதே அளவுக்குக் காய்ச்சலை நிறுத்துகின்றன என்று கண்டது. இது நடுவட்டத்துக்கு நல்ல சேதி. ஏனென்றால் சிவப்புப் பட்டையில் மொத்தச் சத்து நிறைய, அதில் கொயினா மட்டும் கொஞ்சம். மலிவான கலவை மருந்தை நாடு முழுக்கக் கொடுக்கலாமே! ஆனால் உலகச் சந்தை சுத்தமான வெள்ளைக் கொயினாவைத்தான் கேட்டது. பிறகு நடுவட்டத்திலேயே தொழிற்சாலை வந்தது. பட்டையைப் பொடித்து, சுண்ணாம்பு கலந்து, எண்ணெயில் ஊறவைத்துச் சத்தை இறக்கி, அமிலத்தில் வாங்கிப் படிகமாக உறையவிடுவார்கள். 1892-இல் வங்காளத்தில் தபாலாபீசில் காலணாவுக்குக் கொயினாப் பொட்டலம் விற்கும் திட்டம் தொடங்கியது. பிறகு மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. தபால்காரர் கையில் மருந்து என்பது அந்த ஆட்சி செய்த மிகச் சில நல்ல காரியங்களில் ஒன்று என்று தாராளமாகச் சொல்லலாம்.

இதற்குள் ஆட்டம் வேறிடத்தில் முடிந்துபோயிருந்தது.

ஜாவாவில் டச்சுக்காரர்கள் நீலகிரிக்கு முன்பே சின்கோனா நட்டவர்கள், மோசமாக நட்டவர்கள். பத்து லட்சத்துக்கும் மேல் அவர்கள் வளர்த்த ஓர் இனத்தில் கொயினாவே கிட்டத்தட்ட இல்லை. அதைக் கண்டதும் அந்தத் தோட்டங்களை அப்படியே கைவிட்டார்கள். 1865-இல் சார்லஸ் லெட்ஜர் என்ற வியாபாரி பொலிவியாவிலிருந்து வந்த விதையை லண்டனில் விற்கப் பார்த்தார். பிரிட்டிஷ் அரசு வாங்கவில்லை. தன்னிடம்தான் நீலகிரி இருக்கிறதே. டச்சு அரசு ஒரு பவுண்டு வாங்கியது. மிச்சத்தில் பெரும்பகுதியை வாங்கிய ஆங்கிலத் தோட்டக்காரர் அதை இந்திய அரசிடம் சிவப்புப் பட்டை விதைக்கு மாற்றிக்கொண்டார். ஜாவாவில் முளைத்த மரங்களை வேதியியலர் மோன்ஸ் ஒவ்வொன்றாகச் சோதித்தார். சிலவற்றின் பட்டையில் கொயினா பத்து விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. அந்த மரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஒதுக்கி, தேர்ந்த கிளைகளை வேறு வேரில் ஒட்டுக்கட்டி வளர்த்தார்கள். ஒட்டுக்கு வேர் எது தெரியுமா? நம் சிவப்புப் பட்டை.

அந்த விதையைத் தேடிக்கொடுத்தவர் மானுவேல் இங்க்ரா மமானி என்ற அய்மாரா இனத்தவர். எந்த மரம் நல்ல மரம் என்பது அவருக்குத் தெரியும். பூவைப் பனி கருக்கிய ஆண்டுகளை விட்டுவிட்டு, விதை தேறும்வரை பொறுத்திருந்து எடுத்துக்கொடுத்தார். பின்னால் இன்னொரு தடவை விதை சேர்த்தபோது பிடிபட்டு, சிறையில் அடிபட்டு, அதனாலேயே இறந்தார். உலகத்தின் கொயினா வியாபாரமே அவர் கண்ணின் தேர்வில் நின்றது. அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

1880-களில் இலங்கையின் கதை இன்னும் அவசரமானது. இலைத்துரு நோயில் காப்பி அழிய, தோட்டக்காரர்கள் கடனை அடைக்கச் சின்கோனாவை நட்டார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் பட்டை உரித்தார்கள். விலை பாதாளத்துக்குப் போனது. மரத்தைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைத்தார்கள். உலகம் குடிக்கும் இலங்கைத் தேநீருக்கு இந்த விலைச் சரிவு ஒரு கை கொடுத்திருக்கிறது. விலை விழுந்தபோது தாக்குப்பிடித்தது சத்து மிகுந்த ஜாவாப் பட்டைதான். 1913-இல் ஆம்ஸ்டர்டாமில் தோட்டக்காரர்களும் ஆலைக்காரர்களும் சேர்ந்து கினா பீரோ என்ற கூட்டமைப்பை உண்டாக்கி விலையைத் தங்கள் பிடியில் வைத்துக்கொண்டார்கள். 1930-களில் உலகக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாவுடையது.

அப்படியானால் ஜாவா வளர்ந்ததா? இங்கேதான் வளர்ச்சிப் பேச்சு வழுக்குகிறது. பட்டை வளர்ந்தது, பங்குதாரர் வளர்ந்தார், ஆம்ஸ்டர்டாம் வளர்ந்தது. தோட்டத்தில் பட்டை உரித்த ஜாவாக்காரர் அதே கூலியில் இருந்தார். கூட்டமைப்பு வைத்த விலையில் மருந்து வாங்க அவருக்கே கட்டுப்படியாகாது. அறிவை விடாமல் புதுப்பித்துக்கொண்டிருந்தவன் ஜெயித்தான் என்பது உண்மைதான். அந்த அறிவு யாருடைய சொத்து என்பதுதான் ஒரு நாட்டின் கதியைத் தீர்மானித்தது என்று எனக்குப் படுகிறது.

பொருளாதார அறிஞர்கள் இதை வேறு மொழியில் பேசுகிறார்கள். 1965 முதல் 1990 வரையிலான கணக்கை எடுத்துப் பார்த்த ஜான் கேலப்பும் ஜெஃப்ரி சாக்ஸும், மலேரியா கடுமையாக உள்ள நாடுகளில் தலா வருமானம் ஆண்டுக்கு 1.3 விழுக்காடு குறைவாக வளர்ந்திருக்கிறது என்றார்கள். அவர்கள் பார்வையில் வெயிலும் கொசுவும் நோயும் ஒரு நாட்டைக் கீழே இழுக்கின்றன. டேரன் அசெமொக்லு, சைமன் ஜான்சன், ஜேம்ஸ் ராபின்சன் மூவரும் 2001-இல் அதே காய்ச்சலை வேறு விதமாகப் படித்தார்கள். எங்கெல்லாம் வெள்ளையர் காய்ச்சலில் மடிந்தார்களோ அங்கெல்லாம் அவர்கள் குடியேறவில்லை. சுரண்டிக்கொண்டுபோவதற்கான ஆட்சியை மட்டும் நிறுவினார்கள். ஏழ்மைக்கு அந்த ஆட்சிமுறை விட்டுச்சென்ற அமைப்புகளே காரணம், கொசு அல்ல என்றார்கள். 2024-இல் நோபல் பரிசு அவர்களுக்குப் போனது.

நடுவட்டத்தில் நின்று பார்த்தால் இரண்டு வாதமும் ஒரே பார்வையில் தெரியும். மேலே ஊட்டி: காய்ச்சல் இல்லாத குளிர், வெள்ளையர் குடியேறிய ஊர், அதனால் சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும். கீழே கூடலூர், பந்தலூர், வயநாடு: மலைக்காய்ச்சலுக்குப் பேர்போன காடு. 1880 வாக்கில் அங்கே தங்கம் கிடைக்கிறது என்று லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் திறந்து, சில ஆண்டுகளில் மூடினார்கள். காப்பித் தோட்டங்களும் கவிழ்ந்தன. ஊட்டிக்கு மறுபக்கம் சீகூர்ச் சரிவில் 1897 கோடையில் ரொனால்ட் ராஸ் மலேரியாவைத் தேடிப்போய், அவரே காய்ச்சலில் விழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டுபிடித்தார்.

1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் உலகம் மறுபடி நடுவட்டத்தை நினைத்துக்கொண்டது. அந்த மவுசு போர் முடியும்வரைதான். செயற்கை மருந்துகளும் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியும் வந்துவிட்டன. சுதந்திரத்தின்போது ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்று மதிப்பிட்ட நாட்டில், 1953-இல் தொடங்கிய கட்டுப்பாட்டுத் திட்டமும் அதைத் தொடர்ந்த ஒழிப்புத் திட்டமும் 1960-களின் நடுவில் நோயாளிகளின் எண்ணிக்கையை ஒரு லட்சம் அளவுக்கு இறக்கின. பிறகு அது மறுபடி ஏறியது வேறு கதை. பொருளாதார அறிஞர் டேவிட் கட்லரும் அவர் கூட்டாளிகளும் பின்னாளில் ஆராய்ந்தபோது, அந்த நாட்களில் பிறந்த ஆண்களின் குடும்பங்களில் தலா நுகர்வு ஓரளவு கூடியிருந்தது, படிப்பு கூடவில்லை. கொசு போனதும் காசு கொட்டவில்லை. ஆனால் காய்ச்சல் பயம் விலகியதும் வயநாட்டிலும் கூடலூரிலும் குடியேற்றம் பெருகியது. அதில் யாருக்கு நிலம் கிடைத்தது, பழங்குடியினரான பணியரும் முள்ளுக்குறும்பரும் எங்கே தள்ளப்பட்டார்கள் என்பதும் வளர்ச்சிக் கணக்கில் சேர வேண்டியதுதான்.

நடுவட்டத்தில் சின்கோனா இருந்த சரிவுகளில் இன்று பெரும்பாலும் தேயிலை. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீ ஆனது. சின்கோனா விலை சரிந்ததால் இலங்கையில் தேயிலை பரவியது. அந்தத் தேயிலையைப் பறிக்கப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பிவந்து, சின்கோனா நின்ற மலையில் தேயிலை பறித்தார்கள். நட்டம் என்று சொல்லி, 2022-இல் டேன்டீ நிலத்தில் சுமார் 2,150 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக்கொடுக்க அரசு உத்தரவிட்டது. வேலையிலிருந்து ஓய்வுபெறும் தொழிலாளி தோட்டத்தின் லயன் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். வீடு கழகத்துடையது, நிலம் அரசுடையது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகப் பறித்தவர்கள் கேட்பது ஒரு பட்டாவை.