கல்நாரும் அமெரிக்கக் கட்டுமானப் படையினரும்

அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பட்டாளங்களிலும் தரைப்படையின் பொறியாளர் பிரிவுகளிலும் பணியாற்றிய பலர் வேலையிடத்தில் கல்நார்த் தூசியைச் சுவாசித்தார்கள். ஓய்வு பெற்றுப் பல பத்தாண்டுகள் கழிந்த பிறகு நோய் வந்தது. இழப்பீடு கேட்டு அலைய வேண்டியதும் அந்த வயதில்தான். கல்நார் நோய் என்றதும் போர்க்கப்பலின் கொதிகலன் அறையும் கப்பல் கட்டும் தளமுமே பேசப்படுகின்றன. கரையில் முகாமும் மருத்துவமனையும் விமானத்தளமும் கட்டியவர்கள் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

சீபீஸ்

1941 டிசம்பரில் பெர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது, பசிபிக் தீவுகளில் கடற்படைத் தளங்களைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒப்பந்த நிறுவனங்களின் சாதாரணத் தொழிலாளர்கள். படையில் சேராதவர்கள் ஆயுதம் ஏந்தி எதிர்த்துப் பிடிபட்டால், போர்க்கைதிக்குரிய பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்காது. ரியர் அட்மிரல் பென் மோரீலின் முயற்சியால் 1942 தொடக்கத்தில் சீருடை அணிந்த கட்டுமானப் பட்டாளங்கள் உருவாயின. சி, பி என்ற முதலெழுத்துகளால் இவர்களுக்குச் 'சீபீஸ்' என்று பெயர் வந்தது. இரண்டாம் உலகப் போரில் சுமார் 3,25,000 பேர் இதில் பணியாற்றினர். முதலில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே தொழில் தெரிந்த தச்சர், பிளம்பர், வெல்டர், எலக்ட்ரீஷியன்கள். வியட்நாம் போரின் உச்சத்தில் இப்படையின் பலம் 26,000ஐத் தொட்டது.

தூசி வந்த வழி

கல்நார் எரியாது, வெப்பத்தைக் கடத்தாது, விலையும் மலிவு. அதனால் 1930கள் முதல் 1970கள் வரை படைத்துறைக் கட்டடங்களில் அது புகாத இடம் குறைவு. கூரைக்கும் சுவருக்கும் போட்ட சிமென்ட் ஷீட், தரை டைல், அதை ஒட்டிய பசை, சுவர்ப்பலகை இணைப்புகளில் பூசிய பட்டி, குழாய் உறை, கொதிகலன் காப்பு, லாரி பிரேக் எல்லாவற்றிலும் அது இருந்தது. நம்மூரில் 'ஆஸ்பெஸ்டாஸ் கூரை' என்று சொல்லும் அதே சிமென்ட் ஷீட்தான் அங்கும்.

ஷீட் கூரையில் கிடக்கும்வரை ஆபத்து குறைவு. அறுக்கும்போதும் துளையிடும்போதும் தேய்க்கும்போதும் பழையதைப் பெயர்க்கும்போதும் இழை காற்றில் கலக்கிறது. கட்டுமானக்காரரின் அன்றாட வேலையே அதுதான். நீராவிக் குழாய்க்குக் காப்புப் போடுபவர், அரைவட்டமாக வார்த்து வந்த துண்டுகளைக் கைரம்பத்தால் அளவுக்கு அறுப்பார். வளைவுகளுக்கும் வால்வுகளுக்கும் மூட்டையிலிருந்து கல்நார்ப் பொடியை வாளியில் கொட்டி, தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புவார். மூட்டையைக் கவிழ்க்கும் அந்த நேரத்தில் எழும் வெண்தூசி, அடுத்துநின்று வயர் இழுப்பவரின் மூக்கிலும் ஏறும். வாகனப் பட்டறையில் பிரேக் டிரம்மைக் கழற்றி, உள்ளே படிந்த பொடியைக் காற்றுக்குழாயால் ஊதித் தள்ளுவது வழக்கம். மூடிய கொட்டகையில் அந்தப் பொடி எங்கே போகும்?

அபாயம் யாருக்கும் தெரியாமல் இருந்த காலம் அல்ல அது. கடற்படையும் கடல்வணிக ஆணையமும் 1943இல் ஒப்பந்தக் கப்பல் தளங்களுக்கு வெளியிட்ட பாதுகாப்பு விதிகளில் கல்நார்த் தூசியும் எச்சரிக்கைக்குரியதாகக் குறிப்பிடப்பட்டது. விதி காகிதத்தில் இருந்தது. தீவுகளில் வேலை செய்தவனின் முகத்தில் கவசம் இல்லை. மன்னிக்க முடியாத பகுதி இதுவே.

நோய்கள்

சுவாசித்த இழைகள் நுரையீரலின் ஆழத்தில் தங்கிவிடுகின்றன. உடலால் அவற்றைக் கரைக்கவோ முழுதாக வெளியேற்றவோ முடிவதில்லை. நுரையீரல் தழும்பேறி இறுகுவது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரலின் அல்லது வயிற்றின் உறையில் தோன்றும் மீசோதெலியோமா, பெரும்பாலும் கல்நாரால் வரும் கொடிய புற்றுநோய். நுரையீரல் புற்றுநோயும் வரும். புகைபிடிப்பவருக்கு அந்த ஆபத்து பல மடங்கு கூடும். தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பகுதியில் மீசோதெலியோமாவுக்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பை வாக்னர் குழுவினர் 1960இல் வெளியிட்டனர். காப்புப் பூசும் தொழிலாளர்களைப் பற்றிய இர்விங் செலிகாஃபின் ஆய்வு 1964இல் அமெரிக்காவை உலுக்கியது.

தூசி உள்ளே போனதற்கும் மீசோதெலியோமா தெரிவதற்கும் இடையே 20 முதல் 50 ஆண்டுகள் ஆகலாம். இழப்பீட்டுச் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியிலிருந்து பிறப்பவை. அதற்குள் முகாம் இடிக்கப்பட்டிருக்கும், உடன் வேலை செய்தவர்கள் இறந்திருப்பார்கள், பொருளை விற்ற நிறுவனம் திவாலாகியிருக்கும்.

நலத் துறையின் இழப்பீடு

படைச் சேவையில் நேர்ந்த பாதிப்புக்காக அரசின்மீது வீரர் வழக்குத் தொடர முடியாது என்று 1950இல் ஃபெரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எனவே அரசிடமிருந்து கிடைக்கக்கூடியது முன்னாள் படைவீரர் நலத் துறையின் மாத இழப்பீடும் மருத்துவமும்தான். கோருபவர் மூன்றைக் காட்ட வேண்டும்: இப்போது நோய் இருக்கிறது, சேவையின்போது கல்நாருக்கு ஆட்பட்டார், முன்னதற்குப் பின்னது காரணம். வியட்நாமில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சுக்கு, குறித்த இடத்தில் பணியாற்றியிருந்தாலே சில நோய்களுக்குத் தொடர்பு உண்டு என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது. கல்நாருக்கு அப்படிப் பொதுவான சலுகை இல்லை. நிரூபிக்கும் சுமை நோயாளியின் தலையில் இருக்கிறது. மூச்சுத் திணறும் எண்பது வயதுக்காரரிடம் அதை வைப்பது நியாயம் ஆகாது.

முக்கியமான சான்று, பணிவிலகல் ஆவணமான 'டிடி 214'. அதில் உள்ள பணிப்பிரிவை நலத் துறை தன் பட்டியலோடு ஒப்பிட்டு, கல்நாருக்கு ஆட்பட்டிருக்கும் வாய்ப்பைக் கணிக்கிறது. உடன் பணியாற்றியவரின் எழுத்து வாக்குமூலமும் எடுபடும். மருத்துவர் தம் கருத்தில் சேவையே காரணமாக இருக்க "குறைந்தது சரிபாதி வாய்ப்பு" என்று எழுதினால் போதும். சான்றுகள் இருபுறமும் சமமாக நின்றால் முடிவு வீரர் பக்கம் சாய வேண்டும் என்பது சட்டம். ஆனால் 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் அருகே உள்ள ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் 1.6 முதல் 1.8 கோடி கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் 80 சதவீதம் போயிற்று. கொரியப் போரில் பாலம் கட்டிய தரைப்படைப் பொறியாளர் பலருக்குத் தொழிலை நிரூபிக்கும் கோப்பு இல்லாமல் போனது அப்படித்தான். அவர்கள் சம்பளப் பதிவுகளையும் பிரிவின் நாளறிக்கைகளையும் தேட வேண்டியிருக்கிறது.

மீசோதெலியோமாவுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகிச்சைக் காலத்தில் 100 சதவீத ஊன மதிப்பீடு உண்டு. சிகிச்சை முடிந்து ஆறு மாதத்துக்குப் பின் மறுபரிசோதனை. ஆஸ்பெஸ்டோசிஸுக்கு மூச்சுத்திறன் சோதனையே அளவுகோல்: வெளிவிடும் மூச்சின் கொள்ளளவு இயல்பில் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் 100, 65க்கும் 74க்கும் இடையில் இருந்தால் 30. இழப்பீடு பொதுவாகக் கோரிக்கை கொடுத்த நாளிலிருந்து கணக்காகிறது. சான்று திரட்டத் தாமதமானால், 'கோர எண்ணம்' என்ற படிவத்தை முதலில் கொடுத்து ஓராண்டு அவகாசம் பெறலாம். அமெரிக்கன் லீஜியன் போன்ற அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் இதற்குக் கட்டணமின்றி உதவுகின்றன. நோயால் வீரர் இறந்தால் துணைவருக்கு மாத உதவித்தொகை உண்டு.

உற்பத்தியாளர்கள்

அரசின்மீது மூடிய கதவு, பொருளை விற்றவர்கள்மீது மூடவில்லை. எச்சரிக்காமல் விற்ற நிறுவனங்கள் பொறுப்பு என்று 1973இல் போரெல் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த பின் வழக்குகள் பெருகின. மிகப்பெரிய நிறுவனமான ஜான்ஸ்-மான்வில் 1982இல் திவால் பாதுகாப்புக் கோரியது. பின்னர் பல நிறுவனங்கள் அதே வழியில் போய், எதிர்காலக் கோரிக்கைகளுக்காக நிதியங்களை அமைத்தன. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2011இல் கணக்கெடுத்தபோது இத்தகைய நிதியங்கள் 60. அவற்றின் சொத்து சுமார் 3,700 கோடி டாலர்.

எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. மான்வில் நிதியம் 2002இன் விதிப்படி மீசோதெலியோமாவுக்கு வகுத்த மதிப்பு 3,50,000 டாலர். கையில் தருவதோ அதில் ஒரு பங்குதான். பணம் போதாமல் 2001இல் அந்தப் பங்கு 5 சதவீதமாகக் குறைந்திருந்தது. அதாவது 17,500 டாலர். ஒருவர் கையாண்ட பொருள்கள் பல நிறுவனங்களுடையவை என்பதால், பல நிதியங்களில் தனித்தனியாகக் கோருகிறார்கள். இந்தத் தொகை நலத் துறையின் மாத இழப்பீட்டைக் குறைப்பதில்லை. நிதியங்களில் கோருபவர் வழக்கைக் கைவிடத் தேவையில்லை. இன்னும் திவாலாகாத நிறுவனங்கள்மீது நேரே வழக்குத் தொடரலாம். அரசின் விவரக்குறிப்புப்படியே செய்தோம் என்ற அவர்களின் வாதத்துக்கு 1988இன் பாய்ல் தீர்ப்பு வலுவூட்டுகிறது. பொருத்த வேண்டிய கல்நார்ப் பாகத்தைத் தாமே விற்காவிட்டாலும் இயந்திரம் செய்தவர் சில சூழல்களில் எச்சரிக்கக் கடமைப்பட்டவர் என்று 2019இன் டெவ்ரீஸ் தீர்ப்பு சொன்னது. ஆனால் அது கடல்சார் சட்டத்துக்கு உரியது. கரையில் வேலை செய்த சீபீஸின் வழக்கு பெரும்பாலும் மாநிலச் சட்டத்தில் நடப்பதால், அதே கடற்படைச் சீருடை அணிந்தும் மாலுமிக்குக் கிடைக்கும் ஆதரவு இவருக்குக் கிடைக்காமல் போகலாம். வழக்குக்கான காலக்கெடுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல இடங்களில் அது நோய் கண்டறிந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது.

குடும்பத்தினர்

தூசி படிந்த உடையைத் துவைத்த மனைவிக்கும், அப்பாவின் சட்டையைக் கட்டிக்கொண்ட குழந்தைக்கும் மீசோதெலியோமா வந்திருக்கிறது. தங்கள் சொந்த நோய்க்காக இவர்கள் நலத் துறையிடம் ஊன இழப்பீடு கோர முடியாது. அது வீரருக்கு மட்டுமே. எஞ்சியிருப்பவை நிதியங்களும் வழக்கும். வீட்டுக்கு வந்த தூசிக்கும் நிறுவனங்கள் கடமைப்பட்டவை என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2016இல் ஏற்றது. வேறு சில மாநில நீதிமன்றங்கள் அதை மறுத்துள்ளன.